எந்த ஊருங்க தம்பி?

2007 ஜூலை 2 அன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் மருத்துவர் முகமது ஹனீஃப் கைது செய்யப்பட்டார். பெங்களூரிலிருந்து வேலைக்குப் போனவர். உறவினரிடம் ஒரு சிம் கார்டை விட்டுவந்ததுதான் சந்தேகத்துக்கு அடிப்படை. 12 நாள் குற்றச்சாட்டே பதியாமல் அடைத்து வைத்தார்கள். மாதக் கடைசியில் வழக்கு கைவிடப்பட்டது, பின்னர் ஆஸ்திரேலிய அரசு மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தந்தது. 2009-இல் அப்துல் கலாமை டெல்லி விமான நிலையத்தில் அமெரிக்க விமான நிறுவன ஊழியர்கள் சோதனை போட்ட செய்தி வந்தபோது நாடாளுமன்றமே கொதித்தது. கொதித்தது சரிதான். ஆனால் பெயரையும் முகத்தையும் பார்த்துப் பயணியை ஒதுக்கி நிறுத்தும் வேலையை வெளிநாட்டுக்காரன் வந்து நமக்குக் கற்றுத்தரவில்லை.

கொங்குப் பகுதியில் பஸ் ஸ்டாப்பில் நின்றால் போதும். "எந்த ஊருங்க தம்பி?" என்று மரியாதையாகத்தான் கேள்வி தொடங்கும். ஊர் பெயரைச் சொன்னால் அடுத்தது, "மாரியம்மன் கோயிலுக்கு எந்தப் பக்கம்?" பக்கம் தெரிந்துவிட்டால் 'ங்க' உதிர்ந்துவிடும். திருப்பூரில் வாடகைக்கு வீடு தேடிய அருந்ததியர் யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வியை அப்படியே ஒப்பிப்பார்கள். இந்த விசாரணைக்கு யூனிஃபார்ம் தேவைப்படவில்லை. யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு அது சட்டமான கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கி 1860-களின் தொடக்கத்தில் போடப்பட்ட ரயில் பாதை திருப்பூர் வழியாகப் போகிறது. இன்றைய பனியன் ஏற்றுமதிக்கெல்லாம் அதுவே தாய். அதே ரயில் வேறு சிலரின் பிழைப்பை அழித்தது. கழுதை, மாடுகளின் முதுகில் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடந்துகொண்டிருந்த குறவர்களின் வியாபாரம், உப்பு வரியாலும் ரயிலாலும் படுத்துவிட்டது. தொழில் போன பிறகும் அவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். நேற்றுவரை வியாபாரியாக நடந்தவர், சரக்கில்லாமல் நடந்ததும் திருடராகத் தெரிந்தார். மீனா ராதாகிருஷ்ணா இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

1871-இல் வட இந்தியாவில் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்தோடு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் உள்ள சாதியில் பிறந்தவர் கைரேகை கொடுக்க வேண்டும், சொன்ன நேரத்தில் ஆஜராக வேண்டும், எல்லை தாண்டினால் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் கண்ணில் பட்டால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். எதைத் திருடினார் என்ற கேள்வியே எழாது, இங்கே ஏன் நிற்கிறார் என்பதே குற்றம். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சமூகத்தோடு நமக்குள்ள கணக்கு வேறு. அதற்காக அந்தச் சாவுகளை இந்த வரலாற்றிலிருந்து நாம் விட்டுவிட முடியாது.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் ஒழிந்தது. ஆனால் 1948-லேயே இங்கே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு, பிழைப்புக்கு வழி காட்ட முடியாதவரையும் 'தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம்' தர முடியாதவரையும் நன்னடத்தைப் பிணை கேட்டு நிறுத்த இடம் தந்தது. 1973-இல் அந்த வாசகம் போனது. மறைந்து திரிகிறார் என்ற பகுதி மட்டும் தங்கி, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 128-ஆம் பிரிவாக இருக்கிறது. ஊர் வாயில் இதற்குப் பெயர் 'சந்தேக கேஸ்'. ராத்திரி ஷிப்ட் முடிந்து நடந்து வரும் பையனிடம் கம்பெனி ஐடி கார்டு இல்லையென்றால் அவன் மறைந்து திரிபவன்தான்.

கடல் கடந்த பயணத்துக்கும் இதே கதை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள், பள்ளர், பறையர், அருந்ததியர் என்று பெருங்கூட்டம், மண்டபம் முகாமில் இறக்கப்பட்டு, நோய்த் தடுப்பென்ற பெயரில் அடைத்துவைத்துப் பரிசோதிக்கப்பட்ட பிறகுதான் கப்பலேற முடிந்தது. (அதே மண்டபம் முகாமில்தான் பிற்பாடு ஈழ அகதிகளும் இறக்கப்பட்டார்கள்.) 1922 குடிபெயர்வுச் சட்டம் 'கைத்திறனற்ற' உழைப்பாளியைத் தனி இனமாகப் பிரித்தது. 1939 ஆகஸ்டில் அப்படிப்பட்டவர்கள் வேலைக்காக இலங்கை செல்வதையே இந்திய அரசு தடைசெய்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு மாறியிருக்க வேண்டுமல்லவா? 1947 முதல் 1967 வரை பாஸ்போர்ட் என்பது அரசு மனம்வைத்துத் தரும் சலுகை. படிப்பில்லாத, காசில்லாத, 'கூலி' வகையினர் வெளியே போனால் நாட்டின் மானம் போகும் என்று அதிகாரிகள் நினைத்ததையும், அந்த நினைப்புக்குள் சாதி இருந்ததையும் வரலாற்றாய்வாளர் கலாத்மிகா நடராஜன் எடுத்துக்காட்டியிருக்கிறார். 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில்தான் வெளிநாடு செல்வது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர் ஏற்றுமதி இறக்குமதித் தொழிலதிபர். உரிமை கிடைத்தது நல்லதுதான், ஆனால் அதுவும் ஒரு முதலாளி கேட்டுத்தான் கிடைத்தது.

1983 குடிபெயர்வுச் சட்டத்தோடு முத்திரை வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, ஜோர்டான் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியாக அனுமதி பெற வேண்டும். வருமான வரி கட்டுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏமாற்று ஏஜெண்டுகளிடமிருந்து காப்பாற்றத்தான் என்கிறார்கள். அந்த ஆபத்து உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் ஏஜெண்டின் நெற்றியில் முத்திரை குத்தாமல் ஏமாறுபவரின் கையில் ஏன் குத்த வேண்டும்? எந்தத் தலைமுறையில் யாரைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தினார்களோ, அவர்களின் பிள்ளைகளைத்தான் விமான நிலையத்தில் தனி வரிசையில் நிறுத்துகிறார்கள்.

எங்களுக்குப் பழக்கமான ஒரு தம்பி, ஓவர்லாக் டெய்லர், எட்டாம் வகுப்போடு நின்றவர். மலேசியாவில் இருக்கும் அக்காவைப் பார்க்கக் கிளம்பினார். சுற்றிப் பார்க்கப் போக அந்த அனுமதி தேவையில்லை. ஆனாலும் விமான நிலையம் ஒன்றில், "வேலைக்குத்தானடா போற?" என்று உட்கார வைத்தார்கள். போக வர டிக்கெட், அக்காவின் கடிதம், எல்லாம் காட்டினார். விமானம் போன பிறகு வெளியே அனுப்பினார்கள். எழுத்தில் காரணம் கேட்டதற்குச் சிரித்தார்களாம். டிக்கெட் பணம் நான்கு மாத வட்டிக்கடனாக நின்றது.

2018 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் ஒரு படி மேலே போனது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்துவிடுவதாகவும், அதிலிருந்த முத்திரைக்குப் பதிலாக ஈ.சி.ஆர். பிரிவினருக்கு ஆரஞ்சு நிற அட்டை போடுவதாகவும் அறிவித்தது. இனி புரட்டிப் பார்க்கும் சிரமம்கூட வேண்டாம், வரிசையில் நிற்கும்போதே நிறம் சொல்லிவிடும். எதிர்ப்பு வெடித்து ஜனவரி 30-இல் திரும்பப் பெற்றார்கள். நிறம் போனது. முத்திரை இருக்கிறது.

இப்போது நம் ஊருக்கே வருவோம். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் ஜார்க்கண்ட், ஒடிசாத் தொழிலாளர்களில் தலித்துகளும் பழங்குடிகளும் கணிசமானவர்கள். 2025 ஜனவரியில் திருப்பூர் மாவட்டத்தில் வங்கதேசத்தவர் 31 பேர் கைதானார்கள். ஆவணமில்லாமல் எல்லை தாண்டியவரை விசாரிப்பது வேறு, வங்காளி பேசுகிற ஒவ்வொருவரையும் சந்தேகிப்பது வேறு. அதே ஆண்டு ஜூலையில் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் 400-க்கும் மேற்பட்ட வங்க மொழித் தொழிலாளர்களைப் பிடித்து வைத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணி ஒருவரை டெல்லியில் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். அது சட்டவிரோதம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பரில் சொன்ன பிறகும், டிசம்பரில்தான் அவரால் திரும்பி வர முடிந்தது. திருப்பூரில் "இவனுக எங்கிருந்து வர்றானுக?" என்று கேட்கும் நம் ஆட்களையும் நாங்கள் பார்க்கிறோம். நம் தாத்தாவிடம் கேட்ட கேள்வியை நாமே இன்னொருவரிடம் கேட்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த சுகன்யா சாந்தா வழக்கில், சீர்மரபினர் கண்மூடித்தனமாகக் கைது செய்யப்படாதபடி காவல்துறை ஏற்கெனவே உள்ள வழிகாட்டுதல்களைப் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஸ்டேஷனில் இதைச் சொன்னால் கேட்பார்களா என்று தோழர்கள் கேட்கிறார்கள். எண்ணையும் தேதியையும் எழுதி எடுத்துப்போனால் கொஞ்சம் கேட்கிறார்கள், அனுபவத்தில் சொல்கிறோம். கைதுக்கான காரணத்தைக் கேளுங்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள். இலவச சட்ட உதவி எண் 15100. இந்தி தெரிந்த தோழர்கள் இதை அறைகளில் தங்கியிருப்பவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.