ஜொகூரில் ஏடு இருந்த இடம்

ஜொகூரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் மிளகையும் காம்பிரையும் பற்றி விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். அப்பயிர்கள் அனைத்துக்கும் ஆதாரமாய் நின்றது ஒரு காகிதம் என்பதையும் அதே அக்கறையோடு எழுதியிருக்க வேண்டும். 1840களில் தெமெங்கோங் இப்ராஹிம், ஆற்றங்கரைக் காடுகளைத் திருத்திப் பயிரிட முன்வந்த சீனத் தலைவர்களுக்கு ‘சூராட் சுங்கை’ எனும் ஆற்றுப் பத்திரத்தை வழங்கலானார். அதைப் பெற்றவர் காங்சூ ஆனார். அந்த ஆற்றின் கரைகளும், அங்கே உழைத்தவர்கள் மீது அதிகாரமும் அவர் வசமாயின. 1917இல் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்படும்வரை, கூலிக்காரன் பட்ட கடனும் உண்ட அரிசியும் பிறர் கணக்கேட்டிலேயே பதிவாகிக் கிடந்தன.

பின்னர் ரப்பர் வந்தது. ரப்பரோடு நம்மவர் வந்தனர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, நிரையில் மரம் வெட்டி, பால் சுமந்து வந்து நிறுவைக்கு நின்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் அன்றைய உழைப்பு முழுவதும், கிராணியார் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் இடும் ஒரு குறியாகச் சுருங்கிற்று. அந்தப் புத்தகம் தோட்டத்து ஆபீசின் அலமாரியில் இருந்தது. சம்பளத் தினத்தன்று ஒரு நாள் குறைகிறதென்று அவள் முறையிட்டால், அதற்குச் சாட்சியும் அதே புத்தகந்தான். கங்காணி கொடுத்த முன்பணமும் இன்னொருவர் ஏட்டில் இருந்தது. உதவி பெற்று வரும் கூலிக் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938இல் தடுத்தது. ஆனால் செக்ரோல் அதற்குப் பிறகும் வெகு காலம் வாழ்ந்தது. நம்மவருள் இதற்கு விலக்காக இருந்தவர்கள் நகரத்தார். மூவார் போன்ற ஊர்களில் வட்டிக்கடை நடத்திய அவர்கள் பேரேட்டைத் தம் கிட்டங்கியிலேயே வைத்து எழுதினார்கள். ஐந்தொகை தயாரித்துச் செட்டிநாட்டிலிருந்த முதலாளிக்கு அனுப்பினார்கள். ஏடும் தமது, எழுத்தும் தமது, பிரதி கடலுக்கு அப்பால். இந்த ஏற்பாட்டின் மதிப்பை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை என்பது என் எண்ணம்.

இடையே உலக வாணிபத்தின் உருவத்தை ஓர் இரும்புப் பெட்டி மாற்றிவிட்டது. 1956 ஏப்ரலில் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்கர் 58 கொள்கலன்களை ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். 1972இல் அப்பெட்டி சிங்கப்பூரை அடைந்தது. பூலாய் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் 2000 மார்ச்சில் முறைப்படி திறக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைச் சிங்கப்பூரிலிருந்து தன்பால் ஈர்த்துக்கொண்டது. உள்ளே இருப்பது மிளகோ மின்கருவியோ, பெட்டியின் அளவு ஒன்றாயிருப்பதால் பாரந்தூக்கியும் லாரியும் கப்பலும் அதை ஒரே விதமாய்க் கையாள முடிகிறது என்பதே இதன் சூட்சுமம்.

இதே சூட்சுமம் கணினிக்குள்ளும் புகுந்தது. ஒரு நிரல் தனக்கெனக் காட்டப்பட்ட கோப்புகளை மட்டும் காணும்படி வேலியிடும் வழி 1979இன் யூனிக்ஸிலேயே உண்டு. அதைவிடப் பலமான ‘ஜெயில்’ ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 4.0 பதிப்பில் வெளிவந்தது, தஞ்சோங் பெலப்பாஸ் திறக்கப்பட்ட அதே மாதத்தில். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் டாக்கர் என்ற கொள்கலன் மென்பொருளை அறிமுகம் செய்த பின்னரே இவ்வித்தை சாமானியர் கைக்கு எட்டியது. ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய துணைநிரல்கள் யாவற்றையும் உடன்கொண்டு ஒரு கொள்கலனில் அடங்கிவிடுகிறது. அதே வகைச் செயலி கொண்ட எந்த லினக்ஸ் யந்திரத்தில் இறக்கினாலும் அங்கே பெரும்பாலும் அப்படியே இயங்குகிறது.

ஜொகூரோ இன்று மற்றோர் ஏட்டுச் சாலையாகிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்திவைத்ததும், அவை சிடெனாக், நுசாஜெயா, கூலாய் என்று பாலத்துக்கு இப்பால் வந்து இறங்கின. கூலாய் யங் எஸ்டேட் என்று பெயர் பெற்ற தோட்ட நிலத்தில் வொய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா எழுந்திருக்கிறது. தோட்டம் போன இடத்தில் வந்திருப்பதும் பிறர் எழுத்தைக் காக்கும் ஆபீசே. அதன் விதிகளை வகுப்பவர்களும் எழுதினவர்கள் அல்லர். 2023 டிசம்பரில் எவர்நோட் என்ற குறிப்பெழுதும் சேவை, இலவசக் கணக்கில் 50 குறிப்புகளுக்கு மேல் புதிதாய் எழுத முடியாதென்று விதித்தபோது, எழுதினவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆகவே ஜொகூர் பாருவின் ஓர் அடுக்குமாடி வீட்டில், பழைய கணினி ஒன்றில் குறிப்புச் சர்வரை நிறுவுவதை நான் வெறும் பொழுதுபோக்காகக் கருதவில்லை. ஜோப்லின் என்ற குறிப்பெழுதும் மென்பொருள் இதற்கு நல்ல உதாரணம். அதன் சர்வர் ஒரு கொள்கலனில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மற்றொன்றில். இரண்டையும் சேர்த்து எழுப்பும் கட்டளை ஒரு சிறிய உரைக்கோப்பில். கைபேசியில் எழுதிய மளிகைக் கணக்கும், பாட்டியார் சொல்லக் கேட்டு எழுதிய தோட்டத்துக் கதையும் அங்கே வந்து சேர்கின்றன. 1985இல் முத்து நெடுமாறன் முரசு செய்த காலம் முதல் மலேசியத் தமிழர் பட்ட பிரயாசையும், பின்வந்த யூனிகோடும் சேர்ந்துதான் அக்கதையைத் தமிழிலேயே எழுதித் தேடவும் வழி செய்தன. கொள்கலனை அழித்துப் புதிய பதிப்பை இறக்கினாலும் குறிப்புகள் அழியா. ஆனால் அவற்றுக்கென்று கொள்கலனுக்கு வெளியே, வட்டில் தனியிடம் ஒதுக்கியிருக்க வேண்டும். அவ்வுரைக்கோப்பில் புதியவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இவ்விடத்தை ஒதுக்கும் வரியைத்தான்.

சொந்த வீட்டில் வைத்த ஏட்டுக்கும் ஆபத்து உண்டு. 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பிரதி எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை. இரவுதோறும் தரவுத்தளத்தின் பிரதியெடுத்து, பிறர் படிக்க இயலாதபடி மறையாக்கம் செய்து, வேறு மாவட்டத்தில் உறவினர் வீட்டிலுள்ள வட்டுக்கு அனுப்ப வேண்டும்; அப்பிரதியிலிருந்து ஏட்டை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது வேறொரு யந்திரத்தில் மெய்யாகவே மீட்டுப் பார்க்கவும் வேண்டும்.