தனிநாயக அடிகளாரும் ஒரு சிறு சஞ்சிகையும்

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவரல்லர். அமெரிக்க மிஷனார் 1841ஆம் ஆண்டில் 'உதயதாரகை'யை வெளியிட்டனர். கத்தோலிக்கர் 1876இல் 'சத்தியவேத பாதுகாவலன்' என்னும் பத்திரிகையைத் தோற்றுவித்தனர். சைவ பரிபாலன சபையாரின் 'இந்துசாதனம்' 1889இல் எழுந்தது. இவை தத்தம் சமயத்தைக் காத்தற்கும், வேண்டியபோது பிறரோடு வாதிடுதற்கும் பெரிதும் பயன்பட்டன. அவ்வாதங்களினூடே தமிழ் உரைநடை வலுப்பெற்றது நமக்குக் கிடைத்த ஊதியம். ஆயின் அதே மண்ணிற் பிறந்த கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர், எச்சமயத்தோடும் வாதிடாத, தம் திருச்சபையைப் பற்றிப் பிரசங்கம் செய்யாத சஞ்சிகையொன்றைப் பின்னாளில் நடத்தினார். 'தமிழ் கல்ச்சர்' என்பது அதன் பெயர். தமிழ்ப் பண்பாடு என்பது அதன் பொருள்.

அதன் ஆசிரியர் சேவியர் தனிநாயக அடிகளார், 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்தவர். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்று, கொழும்பிலுள்ள குருமடத்திற் சேர்ந்து, 1934 முதல் 1939 வரை உரோமாபுரியில் இறையியல் பயின்றார். இலத்தீனும் ஐரோப்பிய மொழிகள் சிலவும் அவருக்குக் கைவந்தன. தமிழோ அத்துணை கைவரவில்லை. 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துப் பாடசாலையில் ஆசிரியராக அமர்ந்தபோதுதான், தாய்மொழியின் இலக்கியத்தை முறையாகக் கற்றறிந்தாரிடம் பாடங்கேட்டார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, சங்கச் செய்யுளில் இயற்கை பெறுமிடத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றார். பிள்ளைப் பருவத்திற் கிட்டாததை முப்பது வயதளவில் தேடியடைந்தவர் அவர். தமிழைப் பிறர்க்கு எடுத்துக்காட்ட வேண்டும் என்ற வேட்கை அவரிடத்தில் அத்துணை மிகுந்திருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

தூத்துக்குடியில் அவர் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். அதன்பின் யப்பான், அமெரிக்கா முதலிய தேசங்களிற் பயணஞ் செய்து தமிழைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். இந்தியப் பண்பாடு என்றால் வடமொழிப் பண்பாடு என்றே மேனாட்டார் பலர் எண்ணியிருந்த காலம் அது. அவர்கள் அறியாமையைக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் படிக்கத்தக்க மொழியில் நாம் எழுதி வைத்தது மிகக் குறைவு. இக்குறையை நீக்கவே 1952ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ் தூத்துக்குடிக் கழகத்தின் வாயிலாக வெளிவந்தது. அதே ஆண்டில் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளரானார். ஆகவே ஆசிரியர் ஒரு கரையிலும் வெளியீட்டு நிலையம் மறு கரையிலுமாக இதழ் நடந்தது. பிற்பாடு சென்னையில் அமைந்த தமிழ்ப் பண்பாட்டுக் கழகம் வெளியீட்டுப் பொறுப்பை ஏற்றது.

தமிழுக்காக நடக்கும் இதழ் ஆங்கிலத்தில் இருப்பதா என்ற வினா எழுவது இயல்பே. ஆங்கிலம் அறியாத பண்டிதர்க்கும் பாமரர்க்கும் அது கதவடைத்த வீடுதான். எனினும் வீட்டாருக்கு வீட்டின் பெருமையைச் சொல்வது வேறு. ஊராருக்குச் சொல்வது வேறு. அடிகளார் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார். அத்தேர்வின் பயன் விரைவிலேயே தெரிந்தது. செக்கோசிலவாக்கியாவின் பிராக் நகரத்து அறிஞர் கமில் சுவெலபில், தமிழ் மொழி வரலாற்றைக் காலப்பகுதிகளாக வகுக்க முயன்ற கட்டுரையை 1957இல் இவ்விதழில் வெளியிட்டார். தமிழறிஞர் ஒருவர் எழுதியதை ஐரோப்பியர் மறுத்தற்கும், ஐரோப்பியர் எழுதியதைத் தமிழர் திருத்துதற்கும் பொதுவான மேடையொன்று அமைந்தது. எல்லாக் கட்டுரைகளும் ஒரே தரத்தன அல்ல. சிலவற்றில் ஆராய்ச்சியினும் பெருமிதம் மேலோங்கக் காணலாம். 1956ஆம் ஆண்டில் இலங்கையிற் சிங்களமே அரசகரும மொழியெனச் சட்டம் இயற்றப்பட்டபோது மொழியுரிமை பற்றியும் அடிகளார் வாய்திறவாதிருக்கவில்லை.

அவர் குருவானவராயிருந்தமை இதழுக்கு உதவியது எவ்வாறு? பிரசங்கத்தாலன்று, பழஞ்சுவடிகளால் என்க. தமிழ் அச்சேறிய தொடக்க காலம் முழுவதும் கத்தோலிக்கக் குருமாரோடு பிணைந்தது. 1554இல் லிஸ்பன் நகரில் உரோம எழுத்துக்களால் தமிழ் அச்சிடப்பெற்ற மறைக்கல்வி நூல் 'கார்த்தில்யா'. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துக்களாலேயே அச்சாகி வந்தது பதினாறு பக்கங்களேயுடைய 'தம்பிரான் வணக்கம்'. இதனை ஆக்கியவர் அண்டிறீக்கு அடிகளார். அவரே ஆக்கிய அடியார் வரலாறு 1586இல் வெளிவந்தது. அந்தாம் தெ புரொயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீச அகராதி 1679இல் மலையாளக் கரையிலுள்ள அம்பலக்காட்டில் அச்சாயிற்று. ஐரோப்பிய நூலகங்களிற் கிடந்த இத்தகைய நூல்களை இலத்தீனும் போர்த்துக்கீசமும் அறிந்த ஒருவரே எளிதில் அணுகக் கூடும். அடிகளார் அவற்றை நேரிற் கண்டு, முதலில் அச்சான தமிழ் நூல்களைப் பற்றி 1958இல் தம் இதழில் எழுதினார். புரொயென்சாவின் அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகவும் வெளியிட்டார். நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) முன்னரே யாழ்ப்பாணச் சரித்திரத்தையும் சொற்பிறப்பையும் துருவி ஆராய்ந்து காட்டிய வழி இது. தனிநாயக அடிகளார் அவ்வழியைக் கடல்களுக்கு அப்பாலும் நீட்டினார்.

1961இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியற் பகுதித் தலைவராகச் சென்றார். 1964ஆம் ஆண்டு சனவரியிற் புதுடில்லியிற் கீழைத்தேய ஆராய்ச்சியாளரின் இருபத்தாறாவது மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த தமிழாய்வாளர் ஒன்றுசேர்ந்து அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினர். பிரான்சு தேசத்துப் பேராசிரியர் பிலியோசா தலைவரானார். செயலாளராக அமைந்தோர் அடிகளாரும் சுவெலபிலும் ஆவர். பன்னிரண்டாண்டு காலம் அவ்வறிஞர்களுக்குள் அஞ்சல் வழியே தொடர்பு வளர்த்த காலாண்டிதழ் இல்லையேல், அக்கூட்டம் அத்துணை எளிதில் மன்றமாகியிராது. முதல் மாநாடு 1966 ஏப்ரலிற் கோலாலம்பூரில் நடந்தது. அவ்வாண்டோடு 'தமிழ் கல்ச்சர்' நின்றுபோயிற்று. மன்றத்தின் சார்பில் புதிய ஆராய்ச்சிச் சஞ்சிகை 1969இல் தோன்றியது.

மாநாடு 1968இற் சென்னையிலும் 1970இற் பாரிசிலும் கூடி, 1974 சனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. கரம்பனிலிருந்து புறப்பட்ட முயற்சி ஊர் திரும்பியதை ஒக்கும் அது. ஆயின் அதன் முடிவு நாளான சனவரி 10ஆம் திகதி இரவு, வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே பொலிசார் கூட்டத்துட் புகுந்தனர். பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். அன்று அறிஞர் உரை கேட்கத் திரண்டு வந்து மண்டபத்து வெளியில் அமர்ந்திருந்தோரிற் பெரும்பாலார் அந்த ஆங்கில இதழின் ஒரு பக்கத்தையேனும் படித்தறியாதவர்.