கணக்கேட்டில் ஒளிந்திருந்த வெப்பமானி

வெப்பமானி 17ஆம் நூற்றாண்டில்தான் மனிதன் கைக்கு வந்தது. அதற்கு முந்திய காலத்தில் ஒரு கோடை எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை எப்படி அறிவது? இதற்கு ஒரு விடை பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களிலிருந்து கிடைத்திருக்கிறது.

பிரான்சின் கிழக்கே பர்கண்டி வட்டாரத்தில் 'போன்' என்றொரு சிறு நகரம் உண்டு. அங்கே பல நூற்றாண்டுகளாகத் திராட்சை பயிரிட்டு ஒயின் என்னும் மதுவைத் தயாரிக்கிறார்கள். பழம் பறிக்கத் தொடங்கும் நாளை அக்காலத்தில் நகர ஆட்சியினரே அறிவித்தனர். பறித்தவர்களுக்கு அளித்த கூலி மாதாகோயில் கணக்கேடுகளில் பதிவாயிற்று. வசந்தமும் கோடையும் வெப்பமாக இருந்தால் திராட்சை முந்திப் பழுக்கும். குளிர்ச்சியாக இருந்தால் பிந்தும். ஆகவே, அறுவடை நாளே அந்த ஆண்டின் வெப்பத்தைக் காட்டும் அளவுகோல் ஆகிறது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் லெ ருவா லதூரி 1967இல் வெளியிட்ட நூலில் இம்முறையைப் பெரிதும் பயன்படுத்தினார்.

போன் நகரில் 1354 முதல் 2018 வரை நடந்த அறுவடைகளின் நாள்களை ஆய்வாளர்கள் தொகுத்து 2019இல் வெளியிட்டனர். 1987 வரை அறுவடை சராசரியாகச் செப்டம்பர் 28இல் தொடங்கியது. 1988க்குப் பிறகோ அது சுமார் 13 நாள் முந்திவிட்டது! பழங்காலத்தில் கடுங்கோடை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது; 1540ஆம் ஆண்டின் வறட்சி பேர்பெற்றது. ஆனால் அன்று அத்தி பூத்தாற்போல் வந்தது, இன்று வழக்கமாகிவிட்டது.

இதனால் என்ன கேடு? பழம் பழுக்கும்போது அதில் சர்க்கரை ஏறும், புளிப்பு குறையும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வெயில் மிகுந்தால் ஆல்கஹால் கூடி, புளிப்பு குன்றி, ஒயினின் சுவையே மாறிவிடும். பர்கண்டியின் சிவப்பு ஒயினுக்கு ஆதாரமான பினோ நுவார் குளிர்ந்த இடத்துக்கு ஏற்ற திராட்சை. சுவைக்குப் பெயர்பெற்ற ஊருக்கு இது பிழைப்புப் பிரச்சினையன்றோ!

எனவே மாற்றங்கள் தொடங்கிவிட்டன. ஊருக்கு இன்ன திராட்சைதான் என்று சட்டம் வகுத்துள்ள பிரான்சில், போர்டோ பகுதிக்கு 2021இல் ஆறு புதிய வகைகள் அனுமதிக்கப்பட்டன. அவற்றுள் போர்ச்சுகலின் தூரிகா நசியோனாலும் ஒன்று. ஷாம்பேன் வட்டாரத்தின் புகழ்பெற்ற டெத்தாங்கே நிறுவனம், நுரைக்கும் ஒயின் தயாரிப்பதற்காக 2015இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நிலம் வாங்கியது.

ஒருமுறை நட்ட திராட்சைக்கொடி பல பத்தாண்டுகள் நிற்கும். ஆகவே இன்று நடுபவர் தம் பிள்ளைகள் காலத்து வெயிலையும் எண்ணியே நட வேண்டும். அவருக்கு வழிகாட்டும் சான்றுகளுள் ஒன்று, கூலிக்கணக்கு எழுதிய பழைய கணக்கரின் ஏடு. மாணவர்களே, உங்கள் தெருவிலுள்ள ஒரு மரம் முதலில் பூக்கும் நாளை ஆண்டுதோறும் குறித்து வையுங்கள். பிற்காலத்தில் அதுவும் ஒரு வெப்பமானியாகலாம்.