பொய்மணியின் விலை

"புலி வருகிறது" என்று பொய்க்கூச்சலிட்ட சிறுவனின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். பலமுறை ஏமாந்த ஊரார், புலி மெய்யாகவே வந்த நாளில் வரவில்லை. அக்கதையின் நீதியை அமெரிக்க நகரசபைகள் சட்டமாக்கிய வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

பாஸ்டனை அடுத்த ஸாமர்வில்லில் வாழ்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர், 1853-ஆம் ஆண்டில் திருட்டை அறிவிக்கும் மின்மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சுற்று இணையும், மின்காந்தம் சிறு சுத்தியலை அசைக்கும், மணி ஒலிக்கும். 1857-இல் அவ்வுரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ், நியூயார்க்கில் அதைப் பெரும் வாணிபமாக வளர்த்தார். பின்னர் வீடுகளிலிருந்து சென்ற கம்பிகள் ஒரு மத்திய நிலையத்தில் கூடின. ஆபத்து எங்கே என்பது அங்கே தெரிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மணிகள் பெருகின. மணி ஒலித்தால் நிலையத்தார் போலீஸாருக்கு அறிவிப்பர், போலீஸார் விரைவர். ஆனால் சென்ற இடத்தில் திருடன் இரான். வீட்டுக்காரர் குறியெண்ணைத் தவறாக அழுத்தியிருப்பார், அல்லது வளர்ப்பு நாய் குறுக்கே ஓடியிருக்கும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நீதி இலாகா வெளியிட்ட கையேடொன்று, இத்தகைய அழைப்புகளில் 100-க்கு 94 முதல் 98 வரை பொய்யானவை என்று கூறுகிறது.

ஆகவே பல நகரசபைகள் மணி வைத்திருப்போர் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டுமென விதித்தன. சில பொய்யழைப்புகளைப் பொறுத்துக்கொண்டு, அதன் மேல் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வாங்கின. ஸால்ட் லேக் ஸிட்டி 2000-ஆம் ஆண்டில் மேலும் ஒரு படி சென்றது: யாரேனும் நேரில் கண்டு உறுதி செய்தாலொழியப் போலீஸார் செல்லமாட்டார் என்றது. அதன்பின் போலீஸார் செல்ல நேர்ந்த மணியழைப்புகள் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தன.

இதனை முதலில் படித்தபோது எனக்கு வியப்பே உண்டாயிற்று. 'திருடனைத் தண்டிப்பது சரி. திருட்டுக்கு அஞ்சி மணி வைத்தவனிடமுமா பணம் வாங்குவது? அவன்தான் ஏற்கனவே வரி செலுத்துகிறானே!' என்று எண்ணினேன். பின்னர் சிந்தித்துப் பார்த்தேன். மணியில்லாத ஏழையும் வரி செலுத்துகிறான். ஆளில்லா மாளிகையின் வாயிலில் இரு காவலர் வீணே நிற்கும்போது, வேறொரு தெருவில் அவன் எழுப்பும் மெய்யான அபயக்குரல் காத்திருக்க நேரிடும். அவன் இழக்கும் அந்நேரத்திற்கே இக்கட்டணம் விலை வைக்கிறது.

மாணவ நண்பர்களே, காவல் என்பது ஊருக்குப் பொதுவான கிணறு. அதில் நீர் இறைக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இறைத்த நீரை வீணாக்கும் உரிமை எவருக்கும் இல்லை.