ஆறு வயசுக் குழந்தை மேல கேஸ் போட முடியுமா?

உங்க அக்கா பையன் விளையாட்டா பக்கத்து வீட்டு பைக்குக்குத் தீ வெச்சுட்டான்னு வைங்க. "போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று கத்துகிறார் பைக்காரர். நடக்குமா?

முதல்ல வயசைப் பாருங்க. 7 வயது நிறையாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமே அல்ல என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-வது பிரிவு. 7 முதல் 12 வயதுக்குள் என்றால், விளைவைப் புரிந்துகொள்ளும் பக்குவம் அப்போது இருந்ததா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால், 21-வது பிரிவின்படி அதுவும் குற்றமாகாது. 1860-ல் வந்த பழைய தண்டனைச் சட்டத்திலும் இதே விதிதான்.

12 வயசு தாண்டிட்டா இந்த விலக்கு கிடையாது. ஆனாலும், 18 வயது நிறையாதவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 16 வயது நிறைந்தவர் மீது கொடுங்குற்றப் புகார் இருந்தால் மட்டுமே, பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஆராயும்.

ஆக, எல்லாமே வயசுலதான் இருக்கு. பள்ளியில் தந்த பிறந்த தேதிச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்து தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டையும் இன்னிக்கே போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. உதவிக்கு, குழந்தைகளுக்கான இலவச எண் 1098.