மணி பிளான்ட்

ஐரோப்பியத் தோட்டங்களில் பலவர்ண இலையுடைய ஐவிக்கொடி பெறும் ஸ்தானத்தை, அக்கொடிக்கு ஒவ்வாத உஷ்ணமுடைய கெடா மாநிலத்தில், தென் பசிபிக்கின் மோரியா தீவைப் பூர்விகமாகக் கொண்டதும் 1880-இல் தாவர சாஸ்திரத்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்டதுமான இந்த நித்தியப் பசுங்கொடியே வகித்து வருகிறது. சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத் தோட்ட லயங்களின் வாசலில், பழைய பால் டின்னிலோ கண்ணாடிப் புட்டியிலோ கணுவோடு கிள்ளி வைத்த துண்டே வேர்விட்டுவிடும். புட்டி நீரை வாரந்தோறும் மாற்றாவிடில் ஏடிஸ் கொசுவுக்கே அது உபகாரமாகும். நிழல் மிகுந்தால் மஞ்சள் ரேகைகள் மங்கும். உச்சி வெயிலிலோ இலை கருகும். தொட்டியில் உள்ளங்கையளவே நிற்கும் இலை, மரத்தைப் பற்றி ஏறியபின் முறம்போல் விரிந்து விளிம்பு பிளவுபடும். பூப்பது மிக அபூர்வம். செல்வம் தரும் என்பது வெறும் நம்பிக்கை. மென்றால் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால் வாய் எரியும் என்பது நிஜம். ஆதலால் குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுதலே உசிதம்.