வெயிலுக்கு ஒரு கணக்கு

பிப்ரவரியைவிட ஜூலையில் சென்னை சூடாக இருக்கிறது. பகலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதல் நீளம். ஆனாலும் வெயில் அடிக்கும் நேரம் பிப்ரவரியில்தான் அதிகம்: நாளுக்குச் சுமார் ஒன்பது மணி நேரம். ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் அதை ஆறு மணி நேர அளவுக்குக் குறைத்துவிடுகிறது. வெப்பமானி சொல்லாத இந்தச் செய்திக்குத் தனிக் கருவி தேவைப்பட்டது. 1853இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் கேம்பெல் கண்ணாடிக் குண்டு ஒன்றை மரக்கிண்ணத்தில் வைத்தார். குவிந்த வெயில் மரத்தைச் சுட்டது. 1879இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் மரத்தை நீக்கி, மணிக்கோடு போட்ட அட்டையைச் செருகும் உலோகக் கிண்ணம் அமைத்தார். அட்டையில் கருகிய கோட்டின் நீளமே அன்றைய வெயில். நாளுக்கொரு அட்டை, பருவத்துக்கேற்ப மூன்று வகை.

சூரியன் தானே எழுதும் கணக்கு என்பதால், மொட்டை மாடியில் சிலிக்கான் உணரி வைத்திருக்கும் மயிலாப்பூர்வாசியின் எண்ணை இதனோடு ஒப்பிடலாகாது என்பார்கள். ஆனால் அட்டையும் நடுநிலையான சாட்சி அல்ல. ஈரப்பதம் மிகுந்த கடலோரக் காலையில் மங்கிய வெயில் அதைச் சுடாது. விட்டுவிட்டு மேகம் போகும் உச்சிவேளையில் சூட்டுத் தழும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, இல்லாத வெயிலையும் கணக்கில் ஏற்றும். வெயில் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இயற்கையில் எல்லையே இல்லை. அதனால்தான் உலக வானிலை அமைப்பு 1981இல், சூரியனிலிருந்து நேராக வரும் கதிர் சதுர மீட்டருக்கு 120 வாட்டைத் தாண்டினால் வெயில் என்று வரையறுத்தது. வீட்டுக் கருவியின் உணரியோ நேர்கதிரோடு வானத்தின் சிதறிய ஒளியையும் சேர்த்தே அளக்கிறது. ஆகவே அந்த நேரத்துத் தெளிவான வானம் தரக்கூடிய அளவில் இத்தனை பங்கு வந்தால் வெயில் என்று மென்பொருள் முடிவு செய்கிறது. அதுவும் ஓர் ஒப்பந்தம்தான்.

தி. நகரின் அடுக்குமாடிகளுக்கு நடுவே வீட்டில் வெயிலை அளப்பது நடக்குமா என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. காலையும் மாலையும் வடகிழக்கு, வடமேற்குப் பக்கமாகச் சாய்கிறது. தெற்கே திறந்திருந்தால் போதும் என்பது ஐரோப்பாவுக்கான விதி. இங்கே வடபுறத்துத் தண்ணீர் டேங்கும் நிழல் போடும். ஆனால் அந்த நிழல் ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில், அதே மணியில் விழுவது. குறித்து வைத்தால் கழித்துவிடலாம்.

வீட்டு அளவீடு இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1786இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் சொந்தமாக அமைத்த வானாய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்ததுதான், 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கூடம். அங்கே 1796இல் வானியலாளர் கோல்டிங்காம் தொடங்கிய வானிலைக் குறிப்புகளுக்கு மதிப்பு வந்தது கருவியின் உயர்வால் மட்டுமல்ல, விடாமல் எழுதியதாலும்தான். அடையாற்று மாடிக்கும் அதே விதி: உணரியின் மேலிருக்கும் தூசியைத் துடைக்க வேண்டும், எந்த வரம்பை வைத்துக் கணக்கிட்டோம் என்று எழுதிவைக்க வேண்டும், இடையில் அதை மாற்றக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் அந்த எண்ணை ஏற்கலாம். இல்லையென்றால் கண்ணாடிக் குண்டே வைத்திருந்தாலும் பயனில்லை.